சிவப்புப் பொட்டு, பச்சைப் பொட்டு

நான் செய்த பேனல் முனகாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமையடிக்க வேண்டுமென்றால் என்னிடம் வேறு நூறு விஷயங்கள் இருக்கின்றன. பதினெட்டு வருடமாக இயந்திரங்களுக்குக் கண்ட்ரோல் பேனல் செய்கிறேன். ஓர் இரும்புப் பெட்டி, உள்ளே ஒயர்கள், சுவிட்சுகள், வரிசையாக ரிலேக்கள். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இத்தனை இருப்பதே யாருக்கும் நினைவு வரக் கூடாது. அப்படி இருந்தால்தான் அது நல்ல பேனல். அன்று காலை என் கொழுந்தன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "அண்ணி, சலவை ஆலையிலேருந்து பேசினாங்க. நம்ம பேனல் முனகுதாம். கருகின வாசனை வேற வருதாம்," என்றபோது கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை நான் கீழே வைக்கக்கூட இல்லை.

"வேற யார் பேனலாவது இருக்கும்," என்றேன்.

"நம்ம ஸ்டிக்கர் ஒட்டியிருக்காம்."

"ஸ்டிக்கர் யார் வேணும்னாலும் ஒட்டலாம்."

"அண்ணி, நாலு மாசம் முன்னாடி நீங்களே போய் மாட்டிட்டு வந்த பேனல். அன்னிக்கு சாயங்காலம் வீட்ல ஒரு மணி நேரம் அதைப் பத்தியே பேசினீங்க. அண்ணன் உக்காந்தபடியே தூங்கிட்டாரு."

அவன் அண்ணன் என்றால் என் கணவர். லாரி ஓட்டுகிறார். பல்பு மாற்றச் சொன்னால் மெயினை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அப்புறம் என்னைக் கூப்பிடுகிற மனிதர். அவர் தூங்கியதில் ஆச்சரியமில்லை.

எங்கள் கடை ஒரே நீள அறை. முன்பாதி கொழுந்தனுடையது. கண்ணாடி ஷெல்ஃப், கவுண்டர், தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல் எல்லாம் அங்கேதான். பின்பாதி என்னுடையது. பதினோரு அடி நீளத்தில் ஒரு பெஞ்ச், அதன் மேல் ஒரு ட்யூப் லைட், சுவரில் ஆணியடித்து மாட்டிய ஒயர்ச் சுருள்கள். நான் இந்தக் குடும்பத்துக்கு வந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. ஷூவுக்குக் கயிறு கட்டத் தெரியாது. இன்று தொப்பையும் மூக்குக் கண்ணாடியுமாக எனக்குத் தொழில் சொல்லித் தருகிறான். ஆறு மாதமாக ஒரே பல்லவி. இப்போதெல்லாம் பேனல்கள் ரெடிமேடாகவே வருகின்றன, வாங்கி மாட்டினால் ஓடும், கம்ப்ளைண்ட் வந்தால் அது கம்பெனி பாடு, பாதிக் கடையை அடைத்துக்கொண்டு இந்த பெஞ்ச் எதற்கு என்பது அவன் கட்சி. மாதிரிக்கு நான்கு பெட்டிகளை வாங்கி ஜன்னலோரம் அடுக்கியும் விட்டான். அவனுக்கு என் மேல் பாசம் உண்டு. என் பெஞ்ச் மேல்தான் கிடையாது.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க," என்றான்.

"கோவிச்சுக்குவேன். கேளு."

"இது நம்ம தப்புன்னு ஆச்சுன்னா பெஞ்சை எடுத்துடலாமா?"

கோபத்தைவிடச் சிரிப்புதான் வந்தது. "தாராளமா எடுத்துக்கோ. நம்ம தப்புன்னா நான் என் வாயாலயே சொல்றேன். ஆனா நம்ம தப்பு இல்லேன்னா, அந்த நாலு பெட்டியும் இன்னிக்கே திரும்பிப் போகணும். இனிமே பெஞ்சைப் பத்தி நீ பேச்சே எடுக்கக் கூடாது."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று சொல்லிவிடுகிறேன். ரிலே என்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே செம்புக் கம்பியைச் சுற்றிய காயில் ஒன்று இருக்கும். மின்சாரம் வந்ததும் அது காந்தமாகி ஒரு தகட்டை 'டக்' என்று இழுக்கும். அந்த டக்கில் எங்கோ ஒரு மோட்டார் ஓடும், ஒரு வால்வு திறக்கும். மின்சாரம் நின்றால் தகட்டை விட்டுவிடும். ஆனால் எந்தக் காயிலுக்கு எந்த மின்சாரம் என்பதில் விளையாடக் கூடாது. எத்தனை வோல்ட் என்று மட்டும் பார்த்தால் போதாது; திசை மாறி மாறி ஓடுகிற ஏ.சி.யா, ஒரே திசையில் ஓடுகிற டி.சி.யா என்றும் பார்க்க வேண்டும். இருபத்து நாலு வோல்ட் ஏ.சி. ரிலேயும் இருபத்து நாலு வோல்ட் டி.சி. ரிலேயும் வெளிப்பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். டி.சி. காயிலைக் கொண்டுபோய் ஏ.சி.யில் மாட்டினால், இழுக்கலாமா விடலாமா என்று தெரியாமல் படபடவென்று அடித்துக்கொண்டு முனகும். ஏ.சி. காயிலை டி.சி.யில் மாட்டினால் சத்தமே வராது. சமர்த்தாக வேலை செய்துகொண்டே, தன் அளவுக்கு மேல் மின்சாரத்தைக் குடித்து, சூடேறி, இரண்டு மூன்று நாளில் கருகிவிடும். சத்தம் போடாத இந்த இரண்டாவது வகையைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

எது எந்த வகை என்று டப்பாவின் பக்கவாட்டில் எறும்பளவு எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். பேனலில் தோளோடு தோள் இடித்து நிற்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே நான் நகப்பாலிஷ் வைத்திருக்கிறேன். ஏ.சி. என்றால் தலையில் சிவப்புப் பொட்டு, டி.சி. என்றால் பச்சை. பச்சை நகப்பாலிஷ் வாங்கப் போனபோது கடைக்காரப் பெண் என் காய்த்துப்போன விரல்களைப் பார்த்துவிட்டு, "இது சின்னப் பொண்ணுங்க போடற கலருங்க," என்றாள். "போட்டுக்கப்போறவங்க இன்னும் சின்னவங்கதான்," என்று சொல்லி வாங்கி வந்தேன். பதினெட்டு வருடத்தில் ஒரு காயிலைக்கூட நான் மாற்றி மாட்டியதில்லை.

"நானும் வரேன்," என்றான் கொழுந்தன், வேன் சாவியை எடுத்துக்கொண்டு. "உங்க வாயால சொல்றதை என் காதால கேக்கணும்ல."

"வா. திரும்பி வந்ததும் பெட்டிகளைக் கட்டி அனுப்பற வேலை இருக்கு உனக்கு, பாத்துக்கோ."

அந்தச் சலவை ஆலை மருத்துவமனைத் துணிகளைத் துவைப்பது. வாசலிலேயே சோப்பும் நீராவியும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். ஒரு பக்கம் நீளமான மேசையில் கையுறை போட்ட பெண்கள் துணி பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒரு வண்டியில், நீலக் கரை போட்டது இன்னொன்றில், அறுவை சிகிச்சை அறையின் பச்சைத் துணி மூன்றாவதில். பார்க்கிறார்களா இல்லையா என்றே தெரியாது, கை மட்டும் பறக்கும். ஒரு பச்சைத் துணி வெள்ளையோடு போய்விட்டால் முழு வண்டியும் பாழ் என்பதால் நிறம் விஷயத்தில் அங்கே எல்லோருக்கும் கண் கத்தி மாதிரி இருக்கும்.

மேனேஜர் அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஆறு இயந்திரங்களும் வாயைத் திறந்துகொண்டு சும்மா நின்றன.

"வாங்க பேனலம்மா. மூணு நாளா என் உயிரை வாங்குது உங்க பெட்டி," என்றார். "மத்தியானம் ரெண்டு மணிக்கு வண்டி வரும். அதுக்குள்ள துணி போகலேன்னா அங்க படுக்கைக்கு விரிப்பு இருக்காது. என்னன்னு பாருங்க."

"முதல்ல எந்த மெஷினுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க மேடம்."

"அதை மடிப்புகிட்ட கேளுங்க. டேய் மடிப்பு! எங்க போனே?"

மடிப்பு என்பவர் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவர். ஐம்பது வயதிருக்கும். வீட்டில் வைத்த பெயர் என்னவென்று சம்பளச் சீட்டுக்குத்தான் தெரியும். அவர் மடித்த துண்டின் விளிம்பில் விரலை வைத்தால் அறுத்துவிடும் என்று பேனல் மாட்ட வந்தபோது அந்தப் பெண்கள் என்னிடம் சொல்லிச் சிரித்தார்கள். அது பொய்யில்லை. அவர் மூலையில் பக்கெட்டுகளின் கைப்பிடிகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். சோப்பு டின்களின் லேபிள்கள் நேராக நம் முகத்தைப் பார்க்கும். அன்று அவர் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே மடித்ததை மறுபடி மடித்தபடி வந்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு நல்லாத் துவைக்குதும்மா," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "துவைச்ச தண்ணி மட்டும் வெளிய போகல. அதுங்க பக்கம்தான் கருகல் வாசனை. நாலு, அஞ்சு, ஆறுல தண்ணி போகுது. ஆனா துவைக்கும்போதே பாதியில நின்னுடுது. கதவுப் பூட்டு படபடன்னு அடிச்சுக்குது."

எனக்குக் காது விடைத்துக்கொண்டது. ஒன்று இரண்டு மூன்றுக்கு ஒரு நோய், நாலு ஐந்து ஆறுக்கு இன்னொரு நோய். மின்கோளாறுக்கு இப்படிப் பாதிப்பாதியாக எண்ணத் தெரியாது. எண்ணத் தெரிந்த கை ஏதோ உள்ளே போயிருக்கிறது.

இயந்திரங்கள் பழையவை, அவற்றின் கதவுப் பூட்டுகள் ஏ.சி.யில் இயங்குபவை. தண்ணீரை வெளியேற்றும் வால்வுகளோ புதிதாக வைத்த கண்ட்ரோலரின் பேச்சைக் கேட்பவை. அது கொடுப்பது டி.சி. ஆகையால் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இரண்டு ரிலே வைத்திருந்தேன். பூட்டுக்குச் சிவப்பு, வால்வுக்குப் பச்சை. ஆறு இயந்திரத்துக்குப் பன்னிரண்டு ரிலே, சிவப்பு பச்சை சிவப்பு பச்சை என்று மாறி மாறி ஒரே வரிசையில் நிற்கும்.

மெயினை அணைத்துவிட்டுப் பேனல் கதவைத் திறந்தேன். பஞ்சுத் தூசி ஒரு துளி இல்லை. கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தது. இடது பக்கம் முதல் மூன்று இயந்திரங்களின் இடத்தில் ஆறு சிவப்புப் பொட்டு, வலது பக்கம் மற்ற மூன்றின் இடத்தில் ஆறு பச்சைப் பொட்டு. குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் வரிசை கட்டி நிற்பதுபோல அத்தனை அழகாக நின்றன.

சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டேன். கொழுந்தன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணி?" என்றான்.

"ஒண்ணுமில்ல. மீட்டரை எடு."

தெரிந்துவிட்டாலும் அளந்து பார்க்காமல் நான் வாய் திறப்பதில்லை. நாலாவது இயந்திரத்தின் பூட்டுக்குரிய ரிலேயைப் பிடுங்கி, காயிலின் இரண்டு கால்களிலும் மீட்டரை வைத்தேன். அறுநூற்று ஐம்பது ஓம் தடை. டி.சி. காயில், உட்கார்ந்திருந்தது ஏ.சி.யின் இடத்தில். ஐந்தும் ஆறும் அப்படியே. பிறகு முதல் இயந்திரத்தின் வால்வு ரிலே. டப்பாவின் அடிப்பக்கம் பழுப்பேறி, முகர்ந்தால் எரிந்த வார்னிஷ் நாற்றம். நூற்று எண்பது ஓம் காட்ட வேண்டிய ஏ.சி. காயில் எதையும் காட்டவில்லை. உள்ளே கம்பி வெந்து அறுந்துபோயிருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அதே கதி. பன்னிரண்டில் ஆறு சரியான இடத்தில், ஆறு தப்பான இடத்தில். ஒயரிங்கில் ஒரு குறையும் இல்லை. மனசுக்குள் அந்த நாலு பெட்டிகளையும் கட்டி வண்டியில் ஏற்றினேன்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் அம்மாளுக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. அவர் சமாதானம் சொல்லிக்கொண்டே அறைக்குள் போனதும் மடிப்பு என்னருகே வந்தார்.

"பேனலம்மா, நான்தான் திறந்தேன்," என்றார். "ஞாயித்துக்கிழமை. மறுநாள் மருத்துவமனைக்காரங்க ஆலையைப் பாக்க வர்றதா இருந்தது. உள்ள ஒரே பஞ்சு. மெயினை அணைச்சுட்டுத்தான் தொட்டேன், சத்தியமா. எல்லாத்தையும் பிடுங்கித் துண்டு மேல வெச்சுத் தொடைச்சேன். திருப்பி மாட்டறப்போ..."

"எது எங்க இருந்ததுன்னு மறந்துபோச்சா?"

"மறக்கல. சிவப்பு பச்சை கலந்துதான் இருந்தது." அவர் துண்டைப் பிசைந்தார். "அதான் எனக்குப் பொறுக்கல. ஏதோ அவசரத்துல தாறுமாறா மாட்டிட்டாங்கபோலன்னு நெனச்சேன். நெறம் பாத்துப் பிரிக்கறதுதானேம்மா எங்க வேலை? கலந்து கெடந்தா கை சும்மா இருக்குமா? எல்லாம் ஒரே மாதிரி கால். எதை எங்க வெச்சாலும் உக்காந்துது."

கொழுந்தன் மூச்சை விட்டான். அவன் நல்லவன் என்று நான் சொல்வது இதற்குத்தான். முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தாலும், "நீங்க ஜெயிச்சுட்டீங்க, அண்ணி," என்று அவனே சொன்னான். "இவங்க ஆள் கை வெச்சதுக்கு நாம என்ன பண்றது? மேடம் வரட்டும், சொல்லிடலாம்."

மடிப்பு மேனேஜர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பேனலைத் தொடுகிறவன் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் அதை மாட்டிய தினத்திலேயே மேனேஜர் அம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தார். எனக்கும் கேட்டது. அன்று அது எனக்கு ரொம்பப் பிடித்தும் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. முதலில் அந்த மனிதர் மேல்தான் வந்தது. என் பேனலை அலமாரி மாதிரி அடுக்கி வைத்திருக்கிறாரே என்று. கருகிய ரிலேயைக் கையில் உருட்டிக்கொண்டே காலியாக இருந்த சாக்கெட்டைப் பார்த்தேன். கறுப்புப் பிளாஸ்டிக்கில், ரிலேயின் எட்டு உலோகக் கால்களும் இறங்க எட்டு ஓட்டை. பக்கத்துச் சாக்கெட்டிலும் எட்டு ஓட்டை. இது ஏ.சி.க்கு, இது டி.சி.க்கு என்று எதிலும் ஓர் அடையாளம் இல்லை. ஏனென்றால் நான் வைக்கவில்லை. எது எங்கே என்று வரைபடத்தில் இருக்கிறது, வரைபடம் கதவின் உட்பையில் இருக்கிறது, அதைப் படிக்க எனக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக நான் எனக்கே பேனல் செய்துகொண்டிருந்திருக்கிறேன். இங்கே இருக்கிற ஒருவருக்கு அந்தப் பொட்டு என்ன சொல்லும்? பிரித்து வை என்றுதான் சொல்லும். அவர் பிரித்து வைத்துவிட்டார்.

கோபம் இடம் மாறி என் மேலேயே வந்து உட்கார்ந்தது. அது உட்கார்ந்த இடம் ரொம்ப வலித்தது.

மேனேஜர் அம்மாள் போனை அணைத்தபடி வந்தார். "என்ன, கண்டுபிடிச்சாச்சா? யாராவது கை வெச்சிருக்காங்களா?"

இரண்டு சொல் போதும். உங்கள் ஆள். அதைச் சொன்னால் பொய்யும் இல்லை. என் பெஞ்ச், ட்யூப் லைட், சுவரில் தொங்கும் ஒயர்ச் சுருள் எல்லாம் என்னிடமே இருக்கும். கொழுந்தன் எனக்காக வாயைத் திறக்கவே போனான். நான் முந்திக்கொண்டேன்.

"ஒயரிங் சரியா இருக்கு மேடம். ரிலே இடம் மாறியிருக்கு. ஆனா தப்பு எங்களோடது."

"அண்ணி!" என்றான் கொழுந்தன்.

"சும்மா இரு. மேடம், ஒவ்வொரு ரிலே தலையிலயும் அது யாருன்னு பொட்டு வெச்சேன். எங்க உக்காரணும்னு சாக்கெட்ல வைக்கல. தூசி தட்டறப்போ கழட்டித்தான் ஆகணும். கழட்டினா மாறத்தான் செய்யும். மாத்தி மாட்ட முடியற மாதிரி செஞ்சு குடுத்தது நான்."

"அப்ப பேனலைத் திறந்தவன்?" அவர் கண் நேராக மடிப்பின் மேல் போய் நின்றது.

"திறக்காம விட்டிருந்தா உள்ள இருக்கற பஞ்சு ஒருநாள் பத்திக்கும். துணியோட சேர்ந்து ஆலையும் போகும். மெயினை அணைச்சுட்டு, ஒயர்ல ஒரு கீறல் விழாம தொடைச்சிருக்காரு. நானே இவ்வளவு சுத்தமா தொடைக்க மாட்டேன். மாசம் ஒரு தடவை அவரையே தொடைக்கச் சொல்லுங்க. நான் அடையாளம் வெச்சுட்டுப் போறேன்."

மேனேஜர் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். தப்பு என்னுடையது என்று தானாக வந்து சொல்கிற மெக்கானிக்கை அவர் அதுவரை பார்த்ததில்லைபோலும்.

"தப்பு உங்களோடதுன்னா நீங்கதானே சரி பண்ணணும்? எவ்வளவு நேரம் ஆகும்?"

"டீ சொல்லுங்க. வர்றதுக்குள்ள ஓடும்."

பையிலிருந்து மூன்று புது ரிலேக்களை எடுத்தேன். கருகியதைத் தூக்கிப் போட்டு, மிச்சத்தை இடம் மாற்றி, ஒவ்வொன்றையும் மாட்டுமுன் அதன் காயிலையும், மெயினை ஒரு நிமிடம் போட்டு அதன் சாக்கெட்டில் வருகிற மின்சாரத்தையும் அளந்தேன். பிறகு மெயினை அணைத்துவிட்டு, நகப்பாலிஷ் பாட்டில்களைத் திறந்து பன்னிரண்டு சாக்கெட்டுகளின் விளிம்பிலும் பொட்டு வைத்தேன். மடிப்பு பச்சைப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"சிவப்பு மேல சிவப்பு, பச்சை மேல பச்சை," என்றேன். "கலந்து நிக்கறதைப் பாத்தா கை அரிக்கும். அரிச்சா அந்தக் கையில ஒரு துண்டைக் குடுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தத் துண்டாலேயே துடைத்துக்கொண்டு, உடனே அதை மறுபடி மடித்தார்.

மெயினைப் போட்டதும் ஆறு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக 'டக்' என்றன. பூட்டு பூட்டியது, தண்ணீர் ஏறியது, சுழன்றது, வடிந்தது. பேனல் கதவில் காதை வைத்துக் கேட்டேன். ஒரு முனகல் இல்லை. டீ அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் ஆறிப்போய்.

"அடுத்த வாரம் வந்து சிவப்பு எல்லாத்தையும் பதினோரு கால் உள்ள ரிலேயா மாத்தித் தரேன்," என்று கிளம்பும்போது மேனேஜர் அம்மாளிடம் சொன்னேன். "சாக்கெட்டும் மாறிடும். பச்சைக்கு எட்டுக் கால். அப்புறம் கண்ணை மூடிட்டு மாட்டினாலும் தப்பா உக்காராது."

கொழுந்தன் ரோட்டைப் பார்த்தபடி வேனை ஓட்டிக்கொண்டிருந்தான். ஜெயித்த பந்தயத்தை நானே கையால் எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். பதினோரு அடி பெஞ்ச் கண்ணெதிரே வந்து வந்து போனது. செய்ததற்கு வருத்தமில்லை. பெஞ்சுக்குத்தான் வருத்தம். ரெண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, அந்த ரெடிமேட் பெட்டியிலயும் இப்படி மாத்தி மாட்ட முடியுமா?" என்று திடீரென்று கேட்டான்.

"முடியும். அதுலயும் எல்லாம் எட்டுக் கால்தான். பாத்தேன்."

"பாத்தீங்களா? எப்போ?"

"நீ வாங்கின அன்னிக்கே. எதிரி வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க மாட்டேனா?"

அவன் ஒரு திருப்பத்தை முடித்துவிட்டு, "அதுல இந்த மாதிரி ஆச்சுன்னா யார் வந்து சொல்லுவாங்க?" என்றான்.

"யாரும் வர மாட்டாங்க. போன் பண்ணினா ஒரு பாட்டு ஓடும். அதைக் கேட்டுட்டு இருக்க வேண்டியதுதான்."

கடை வாசலில் என்னை இறக்கிவிடாமல் நேரே வீட்டில் கொண்டுவந்து விட்டான். "இன்னிக்கு வேலை போதும். நாளைக்குக் காலையில வாங்க," என்றான். நான் இறங்கிக் கதவைச் சாத்துமுன் குனிந்து, "பெஞ்சைப் பத்திச் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்று வேறு கேட்டான்.

"நான் சொன்னா சொன்னதுதான்டா," என்று கதவை ஓங்கிச் சாத்தினேன்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று அவர் தூங்கவில்லை. கடைசியில், "நீ செஞ்சது சரி. ஆனா அவனை நாலு வார்த்தை கேக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். வாக்குக் கொடுத்தது நான். அதில் அவன் பிழை என்ன இருக்கிறது?

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடைக்குப் போனேன். கருவிகளை எடுத்து வைக்க ஒரு பெரிய பையும் கொண்டுபோயிருந்தேன். நேரே பின்பக்கம் போய் நின்றேன். பெஞ்ச் இல்லை. அது இருந்த இடத்தில் தரை மட்டும் வெளிறிப்போய் நீளமாகக் கிடந்தது. ட்யூப் லைட்டைக்கூடக் கழற்றியிருந்தான். ஒரு ராத்திரி பொறுக்க முடியவில்லையா இவனுக்கு? இந்த ஆளுக்கா நான் ஷூ கட்டிவிட்டேன்?

"எடுத்தாச்சு அண்ணி," என்று முன்பக்கத்திலிருந்து அவன் குரல் கேட்டது. "சொன்ன சொல்படி பின்னாடி இருந்ததை எடுத்தாச்சு."

திரும்பிப் பார்த்தேன். உள்ளே வந்த வேகத்தில் நான் எதையும் கவனித்திருக்கவில்லை. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலின் கீழ், வெயில் விழுகிற இடத்தில், பதினோரு அடி பெஞ்ச் கிடந்தது. நாலு ரெடிமேட் பெட்டிகளும் கட்டப்பட்டு வாசலோரம் இருந்தன. காலியான கண்ணாடி ஷெல்ஃபில் அவன் கையெழுத்தில் இரண்டு அட்டைகள் ஒட்டியிருந்தன: ஏ.சி. பதினோரு கால், டி.சி. எட்டுக் கால். அவன் சட்டையெல்லாம் தூசி; கண் சிவந்திருந்தது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் முன்னால் அழுதால் பத்து வருடம் சொல்லிக் காட்டுவான் என்பதால் பெஞ்சைச் சுற்றி வந்து குறை தேடினேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். பெஞ்சின் நடு விளிம்பில் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு. அதற்கு நேரே போட்டிருந்த என் நாற்காலியின் முதுகிலும் ஒரு சிவப்புப் பொட்டு.

"இது என்னடா?"

"யாருன்னு மட்டும் எழுதினா போதாது, எங்க உக்காரணும்னும் எழுதி வெக்கணும்னு நீங்கதானே நேத்து சொன்னீங்க," என்றான், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி. "இனிமே யாரும் மாத்த முடியாதுல்ல."

"பொட்டைக் கோணலா வெச்சிருக்கே," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.